ஊர் திரும்பாதவனுக்கு அடித்த மணி

நெவெனாவின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும். உள்ளே கம்பளிக் காலுறை, சோப்பு, கொஞ்சம் சர்க்கரை, மாற்று உடுப்பு. ரகசியப் போலீஸ் கதவைத் தட்டி "கொஞ்சம் எங்ககூட வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டால் அந்த நேரத்தில் காலுறையைத் தேடிக்கொண்டா நிற்க முடியும்? தன்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவள் வேலை இசை எழுதுவது. சாதாரணப் பாட்டு இல்லை. நாற்பது ஐம்பது பேர் வயலினும் குழலும் பித்தளைக் கொம்புமாக உட்கார்ந்து வாசிக்கிற பெரிய இசை. வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சுரம் எழுத வேண்டும். இதில் என்ன பயம் என்று கேட்பீர்கள். இசை எழுதியதற்காகவே ஆள் காணாமல் போன காலம் அது. இளம் வயதில் பிராகில் படித்துவிட்டு வந்த நெவெனாவுக்குச் சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிற புது மாதிரி இசைதான் பிடிக்கும். அப்படி நான்கு வாத்தியத்துக்கு ஒன்று எழுதினாள். கட்சிப் பத்திரிகை கிழி கிழியென்று கிழித்துவிட்டது. மக்களுக்குப் புரியாத பூர்ஷ்வா இரைச்சல் என்று போட்டார்கள். அன்றிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்குப் பாட்டு, பால்பண்ணைப் பெண்களுக்குப் பாட்டு என்று எழுதிக் காலத்தை ஓட்டினாள்.

ஆனால் கை சும்மா இருக்குமா? வீட்டில் பியானோவின் மூடியைத் திறந்து, கம்பிகளுக்கு மேல் கனத்த போர்வையை மடித்துத் திணித்துவிட்டு வாசிப்பாள். மாடி வீட்டுக்காரனுக்குக் கேட்டுவிடக் கூடாதே! சத்தமே வராது, விரல் கட்டையில் விழுகிற டொக் டொக் மட்டும் கேட்கும். மீதியை அவள் மனசுக்குள்ளேயே கேட்டுக்கொள்வாள். அப்படி வாசிக்கும்போதும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், ஸ்தாமென். சொந்த ஊர் மலைமேல் இருக்கிற தொபோல்கா. அவன் படிக்கவில்லை, மாடு வளர்த்தான். தங்கையைப் பிராகுக்கு அனுப்பியது அவன் விற்ற பாலும் வெண்ணெயும்தான். கூட்டுப் பண்ணையில் மாடுகளைச் சேர்க்கச் சொல்லி வந்தவர்களிடம், "மாட்டைக் கேட்டுப் பாருங்க, அது வர்றேன்னு சொன்னா ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றான். ஊரே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் லாரி வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆற்றுக்கு நடுவில் தீவில் கைதிகள் முகாம் இருக்கிறது, அங்கேதான் கொண்டுபோனார்கள் என்று பேச்சு.

அடுத்த வாரம் நெவெனா வேலை பார்த்த இசைப் பள்ளியில் கூட்டம். எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தினார்கள்.

"தோழர், மக்கள் விரோதி ஸ்தாமென் உங்களுக்கு என்ன வேணும்?"

கதவோரம் நின்ற ரகசியப் போலீஸ் தோல்கோட்டுக்காரனை நெவெனா பார்த்தாள்.

"எனக்கு அண்ணன் இல்ல" என்றாள்.

அவ்வளவுதான், உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தச் சொல் மலையேறி தொபோல்காவுக்கும் போய்விட்டது. நிலமும் மாடும் பறிபோன அண்ணி வெலிகா எங்கள் ஊர்ப் புகையிலை ஆலைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஒருநாள் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்த நெவெனாவைச் சந்தையில் பார்த்துவிட்டு நேரே வந்தாள்.

"நேத்து முகாம்லருந்து ஒருத்தர் வந்து சொன்னாரு. அவரு பனிக்காலத்துலயே போய்ச் சேர்ந்துட்டாராம். எங்க பொதைச்சாங்கன்னு வந்தவருக்கும் தெரியல."

நெவெனாவின் கையிலிருந்த பை நழுவியது. "அண்ணி..."

"யாருடி உனக்கு அண்ணி? உனக்குத்தான் அண்ணனே இல்லையே!" என்று அவள் காலடியில் துப்பிவிட்டு வெலிகா போய்விட்டாள்.

நெவெனா வீட்டுக்கு வந்து தலையணையை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழவும் பயம். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் கறுப்புக்கரை போட்ட தாளில் படத்தோடு அச்சடித்து வாசல் கதவில் ஒட்டுவோம், கோதுமையை அவித்துச் சர்க்கரை போட்டுப் பங்கிடுவோம், கோயில் மணி அடிப்போம். ஸ்தாமெனுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. தாள் ஒட்டினால் வீட்டில் இருப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு எங்கும் இல்லாத ஒரு வழக்கம் தொபோல்காவில் உண்டு. வெளியூரில் செத்து, உடம்பு ஊர் வந்து சேராதவனுக்கென்று அங்கே தனி மணி. ஒரு அடி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவசரமாக இரண்டு அடி. முதல் அடி போய்விட்டான் என்பதற்கு. பின்னால் வருகிற இரண்டும் 'வா, வா' என்று அவனைக் கூப்பிடுவதற்கு. போருக்குப் போனவர்களுக்கு அடித்து அடித்துத் தொபோல்காவில் குழந்தைகளுக்குக்கூட அது மனப்பாடம். அதைக் கேட்டால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள்.

அந்தக் கோடையில்தான் மேலிடத்து உத்தரவு வந்தது. கட்சி ஆட்சியைப் பிடித்த நாளான செப்டம்பர் ஒன்பது விழாவுக்கு, போராட்டத்தில் விழுந்த வீரர்களுக்காக ஒரு பெரிய இசை எழுத வேண்டும். மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? நெவெனா உட்கார்ந்து எழுதினாள். முதல் பகுதியில் அணிவகுப்பு, கடைசிப் பகுதியில் வெற்றி. எல்லாம் அவர்கள் கேட்ட மாதிரியே. நடுவில் மெதுவாகப் போகும் துக்கப் பகுதிக்கு வந்தபோது கை தானாக ஒரு மணியை எழுதியது. ஒரு அடி, நெடும் மௌனம், அவசரமாக இரண்டு அடி. எழுதிவிட்டுப் பார்த்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். மூன்றாம் தரம் அழிக்கப் போனபோது தாளே கிழிந்துவிட்டது. அட, இந்த ஊரில் தொபோல்கா மணி யாருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு புதுத் தாளில் அப்படியே எழுதி முடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

எழுதியது மேடைக்கு வருமுன் இசைக்குழுச் சங்கத்தின் கமிட்டி முன்னால் போக வேண்டும். ஒரே பியானோவில் இரண்டு பேர் நாலு கையாக முழுசையும் வாசித்துக் காட்டுவார்கள். கமிட்டி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும். நெவெனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் லியூபென். எதிரில் கமிட்டித் தலைவர் கிராதுன்கோவ். மாஸ்கோவில் படித்துவிட்டு வந்தவர். கட்டை குட்டையான ஆள், எப்போதும் பாதி தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் தூங்குகிறார் என்று நம்பி வாயைத் திறந்தவர்கள் கதி என்னவாயிற்று என்று ஊருக்குத் தெரியும்.

மணி வரும் இடத்தை லியூபென் பியானோவின் அடிச்சுரத்தில் வாசித்தார். டங். நெடுநேரம் ஒன்றுமில்லை. டங்-டங்.

கிராதுன்கோவ் கண்ணைத் திறந்தார். "நிறுத்துங்க. தோழர் நெவெனா, இந்த மணி ஏன் நொண்டுது?"

"அது... அடிபட்ட வீரன் நடக்குறான், தோழர். ஒரு கால்ல குண்டு பாஞ்சிருக்கு."

"நம்ம வீரன் நொண்டுவானா?"

கமிட்டியில் இருந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு கொஞ்சமாகச் சிரித்தார்கள்.

"நம்ம ஊர்ல தாளமே நொண்டித் தாளம்தானே, தோழர்" என்று லியூபென் காப்பாற்றப் பார்த்தார். அது உண்மைதான். ஏழு எண்ணிக்கையில், மிஸ்ர சாபுவின் பங்காளி மாதிரி ஓடுகிற தாளத்தில்தான் எங்கள் கல்யாண ஆட்டமே.

"கல்யாணத்துல நொண்டலாம்யா. சாவுலயுமா?" என்று கேட்டுவிட்டுக் கிராதுன்கோவ் நெவெனாவையே பார்த்தார். "இத நான் எங்கயோ கேட்டிருக்கேனே."

கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி அவள் கண் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. "அப்படியே விட்டுடலாமா, தோழர்?"

கிராதுன்கோவ் தலையை மட்டும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'சரி'; மேலும் கீழும் ஆட்டினால் 'கூடாது'. மாஸ்கோவில் அப்படியே தலைகீழ். மாஸ்கோ போய் வந்தவர்கள் சிலர் அந்த ஊர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார்கள்; சிலர் கோபத்தில் மட்டும் பழைய ஆட்டத்துக்குத் திரும்புவார்கள். கிராதுன்கோவ் ஆட்டியது எந்த ஊர்த் தலையாட்டல்? வராந்தாவில் எல்லாரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"அது மாஸ்கோ ஆட்டம்தானே?" என்று கேட்டாள் நெவெனா.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் லியூபென்.

"போய்க் கேட்டுடுங்களேன்."

"நானா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா! நீங்க எழுதுனது, நீங்க போய்க் கேளுங்க."

அவளும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. லியூபென் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, 'கூடாது' என்றே வைத்துக்கொண்டால் யாருக்கும் ஆபத்தில்லை என்று முடிவு கட்டி, பென்சிலால் மணியைச் சரிசமமாக்கிவிட்டார். டங். டங். டங். டங். கடிகாரம் மாதிரி. ஒத்திகையில் அதைக் கேட்டபோது நெவெனாவுக்கு ஒரு பக்கம் உயிர் திரும்பி வந்தது. இன்னொரு பக்கம், அண்ணனை இரண்டாம் தரமும் இல்லையென்று சொல்லிவிட்டோம் என்று மனசு அறுத்தது.

விழா வந்தது. மணியென்றால் நிஜ மணி. பூட்டிப் போட்ட ஏதோ கிராமத்துக் கோயிலிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது. மேடை தாங்காது என்று பின்கட்டு வராந்தாவில் மரச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கிருந்து மேடை தெரியாது. சுவரில் ஒரு சிவப்பு பல்பு. லியூபென் காலால் பொத்தானை மிதித்தால் அது எரியும். எரிகிற வரைக்கும் அடிக்க வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும். அந்த நேரம் வயலின்கள் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அடிக்கிறவன் தாச்சோ. நாலு நாளாகப் பல்வலி. வலிக்கு மருந்தென்று பிளம் சாராயத்தை வாயில் வைத்துக் கொப்பளித்தவன் துப்பாமல் விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். விழாவன்று சாயங்காலம் ஆளை எழுப்பி நிறுத்தினாலும் நிற்கவில்லை.

"நீங்களே அடிச்சுடுங்க. நாலு நாலா, சமமா. சமமா, புரிஞ்சுதா?" என்று லியூபென் மரச் சுத்தியலை நெவெனாவின் கையில் திணித்துவிட்டு மேடைக்கு ஓடினார்.

அவள் அந்த வராந்தாவில் தனியாக நின்றாள். அணிவகுப்பு முடிந்தது. துக்கப் பகுதி தொடங்கியது. சமமாக அடித்தால் வீட்டுக்குப் போகலாம். ரொட்டியும் சூப்பும் இருக்கிறது. தொபோல்கா மணியாக அடித்தால் கதவுக்குப் பின்னால் பெட்டி இருக்கிறது. சமமாகவே அடித்துவிடு, பைத்தியக்காரி, சமமாகவே அடித்துவிடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சுத்தியல் பிடி வியர்வையில் வழுக்கியது.

பல்பு எரிந்தது.

டங்.

இரண்டாவது அடி விழ வேண்டிய நேரத்தில் கை எழவில்லை. அவள் எழுப்பவில்லை. வயலின் சுரம் நீண்டுகொண்டே போனது. அரங்கத்தில் யாரோ இருமினார்கள். டங்-டங். வா, வா. அடித்துவிட்டாள். அப்புறம் நிறுத்துவதெப்படி? மறுபடியும் ஒன்று, மௌனம், இரண்டு. அவள் அழுதுகொண்டே அடித்தாள்.

அப்போது அரங்கத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். படார். ஆள் எழுந்ததும் மரநாற்காலியின் பலகை மடங்கி அடிக்கிற சத்தம். மேலே பால்கனிப் பக்கம் ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு பட படவென்று வரிசை வரிசையாக. போச்சு! கண்டுபிடித்துவிட்டார்கள், எல்லாரும் வெளியே போகிறார்கள், என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் பல்பு அணையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள்.

அரங்கத்தில் நடந்தது இதுதான். புகையிலை ஆலைப் பெண்களைக் கட்டாயமாகக் கூட்டிவந்து பால்கனியில் உட்கார வைத்திருந்தார்கள். அதில் வெலிகாவும் இருந்தாள். யாருடைய இசை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவள், மணி கேட்டதும் எழுந்து நின்றாள். தொபோல்காக்காரிக்கு அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். எழுந்து நிற்க வேண்டுமென்று உத்தரவு வந்ததோ, நமக்குத்தான் காதில் விழவில்லையோ? அவளும் எழுந்தாள். கீழே இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். வீரர்களுக்கு எல்லாரும் மரியாதை செய்யும்போது உட்கார்ந்திருந்தவன் என்று நாளைக்கு யாராவது எழுதிப் போட்டுவிட்டால்? வரிசை வரிசையாக எழுந்தார்கள். கடைசியில் முன்வரிசையில் கிராதுன்கோவ் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரும் எழுந்தார்.

இசை முடிந்து கைதட்டல் ஓய்ந்தும் நெவெனா மணிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்ஸ் சத்தம் வந்தது. கிராதுன்கோவ் தனியாக வந்து எதிரில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"சமமா அடிக்கல."

"இல்ல, தோழர்."

"எங்கம்மா பொறந்த ஊரு தொபோல்கா" என்றார் அவர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது கதை.

"யாருக்காக அடிச்சீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. நான் ஏன் எழுந்தேன்னு நீங்களும் கேக்காதீங்க." வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் கமிட்டியில நான் தலையாட்டினேன். நான் சரின்னு சொன்னதாத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும். உங்க நல்லதுக்கும், என் நல்லதுக்கும்."

கையிலிருந்த தொப்பியை அவர் பிழிந்து கசக்கிக்கொண்டிருந்ததை நெவெனா பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் குறையவில்லை, கூடித்தான் போயிற்று.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அவள் விடிந்ததிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

வெலிகா நின்றாள். கையில் துணி போட்டு மூடிய கிண்ணம்.

"எங்கடி பெட்டியும் கையுமா கெளம்பிட்ட? ஊர்வலத்துக்கா?"

நெவெனா பெட்டியைப் பிடித்தபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாசல்லயே நிக்க வைப்பியா? தள்ளு." உள்ளே வந்து மேஜைமேல் கிண்ணத்தை வைத்துத் துணியை எடுத்தாள். அவித்த கோதுமை, மேலே சர்க்கரை. "சர்க்கரை கொஞ்சந்தான் கெடச்சுது. உன்கிட்ட இருக்கா?"

நெவெனா பெட்டியைத் திறந்து அதிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டார்கள். வெலிகா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அழுதாள். நெவெனா அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு "அண்ணி, அண்ணி" என்றாள். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

பத்திரிகையில் என்ன வந்தது தெரியுமா? வீழ்ந்த வீரர்களின் நினைவில் உணர்ச்சிவசப்பட்ட உழைக்கும் மக்கள் ஒருவர்போல் எழுந்து நின்றார்கள் என்று கொட்டை எழுத்தில். அடுத்த வருஷத்திலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. மணி அடிக்கும்போது அனைவரும் எழுந்து நிற்கவும் என்று நிகழ்ச்சித் தாளிலேயே அச்சடித்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரும் அதே இசை, அதே மணி. மந்திரிகள் நின்றார்கள், தளபதிகள் நின்றார்கள். ஒருமுறை ஸ்தாமெனை லாரியில் ஏற்றிய ஆளே, பதவி உயர்ந்து மார்பில் பதக்கத்தோடு, முன்வரிசையில் தலை குனிந்து நின்றான். மேலே வெலிகாவும் தவறாமல் வந்து நின்றாள். நெவெனா ஒவ்வொரு தடவையும் பயத்தில் செத்துப் பிழைத்தாள். இந்த வருஷம் யாராவது தொபோல்காக்காரன் வாயைத் திறந்துவிடுவான், இந்த வருஷம் மாட்டிக்கொள்வோம் என்று. செப்டம்பர் முடிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

பிறகு ஆட்சி கவிழ்ந்தது. கட்சிக்காரர்களின் சிலைகளோடு அந்த இசையையும் தூக்கிப் போட்டார்கள். வெலிகா அதைப் பார்க்க இல்லை. முந்தின வருஷமே போய்விட்டாள். நெவெனாவுக்கு எண்பது வயது நெருங்கியபோது வானொலிக்காக ஒரு பெண் பேட்டியெடுக்க வந்தாள். ஜீன்ஸ் போட்ட, பயமென்றால் என்னவென்றே தெரியாத பெண். கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியில் இடித்துக்கொண்டு, "என்னம்மா, பயணம் கெளம்புறீங்களா?" என்று சிரித்தாள். பிறகு ஒலிப்பதிவுப் பெட்டியை முடுக்கிவிட்டு நேராகவே கேட்டாள்.

"கட்சிக்காக எழுதுனீங்க. சனங்கள மிரட்டி எழுந்து நிக்க வெச்சாங்க. இப்ப நெனச்சா வெக்கமா இல்லையாம்மா?"

நெவெனா மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"எல்லாரும் பயந்துதான் நின்னாங்க. வாஸ்தவம்தான். நானும் பயந்துகிட்டேதான் அடிச்சேன்" என்றாள். "ஆனா நின்னாங்கல்ல."

"யாருக்காக?"

மாடிப்படியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கிப் போனார்கள். நெவெனா கதவையே பார்த்தாள். சத்தம் தெருவுக்குப் போய் ஓய்ந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."